தண்ணீர் மேல் உட்கார்ந்த கச்சா அண்ணாச்சி

பெட்ரோல் விலை ஏறினால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் கோவில்பட்டியில் என் பட்டறைக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார்.

ஊரே வயிறெரிந்து திட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பெட்ரோல் பங்கில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். "ஏறிட்டு! இன்னும் ஏறும், பாருங்க!" என்று பக்கத்தில் நிற்கிறவரின் தோளைத் தட்டிச் சொல்வார். ஒருநாள் அப்படித் தட்டியது ஓர் ஆட்டோ டிரைவரின் தோளை. அவர் இறங்கி அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என்னவே நக்கலா? நாங்க வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டுதோம். நீரு இளிக்கீரு?"

"உமக்கு விவரம் தெரியலவே. கச்சா எண்ணெ ஏறுனாத்தான் புதுக் கிணறு தோண்டுவான். தோண்டுனாத்தான் ஆள் எடுப்பான். ஆள் எடுத்தாத்தான் நான் போக முடியும்."

"நீரு போறதுக்கு நாங்க சாகணுமாவே?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "கொஞ்ச நாளைக்குத்தான" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையில் பொத்தான் எதுவும் மிஞ்சவில்லை.

டீக்கடையிலும் இதே கதைதான். எல்லாரும் பேப்பரில் கொலை, கொள்ளை, சினிமா என்று படிப்பார்கள். இவர் நேராக உள்பக்கத்துக்குப் போய்க் கச்சா எண்ணெய் விலையைத் தேடுவார். இறங்கியிருந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏறியிருந்தால் கடலை மிட்டாய் வாங்கி அங்கே இருக்கிற எல்லாருக்கும் கொடுப்பார். அவருக்குக் கச்சா அண்ணாச்சி என்று பெயர் வந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவர் மனைவிகூட மறந்திருப்பார்.

அண்ணாச்சிக்கு வேலை போர் வண்டியில். எங்கள் பக்கத்தில் வீடு கட்டினாலும் தோட்டம் போட்டாலும் முதலில் பூமியில் துளை போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் துளையைப் போடுகிற லாரிதான் போர் வண்டி. மேலே கரிசல், கொஞ்சம் இறங்கினால் சுண்ணாம்புச் சுக்கான் கல், அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே இன்னும் பாறை. இதுதான் எங்கள் ஊர். அண்ணாச்சி வண்டியின் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்னுடையது வெல்டிங் பட்டறை. போர் வண்டியில் உடையாத சாமான் கிடையாது. உடைந்தது எல்லாம் என்னிடம்தான் வரும். நான் பற்றவைத்துக்கொண்டே திட்டுவேன். அவர் கேட்டுக்கொண்டே சிரிப்பார். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அவருக்கு எண்ணெய்ப் பைத்தியம் பிடிக்கக் காரணம் குளத்தூர்க்காரர் ஒருவர். அந்த ஆள் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். நடுக்கடலில் நிற்கிற எண்ணெய்க் கிணற்று மேடையில் அவருக்கு வேலை. அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. சப்பாத்தி போடுகிற வேலை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவர் ஊர் முழுக்கப் போனைக் காட்டி, மேடையின் வீடியோவை எல்லாருக்கும் ஓட்டிவிட்டார். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கப் பட்டறைக்கு ஓடி வந்தார்.

"ஏலே! நம்ம வண்டிலே! லாரியைக் கழத்திப் போட்டுட்டு மத்ததைக் கடலுக்குள்ள நிறுத்தியிருக்கான். ராடு அதே ராடு. நுனியில பாறையைக் குடையுத பிட்டும் அதே பிட்டு. நம்ம ஆளு மாதிரியே ஒருத்தன் லீவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்."

"ஆழம் எம்புட்டு தெரியுமா அண்ணாச்சி? நீங்க போடுத போரெல்லாம் அதுக்கு முன்னால ஊசி குத்துன மாதிரி."

"ஆழம் என்னலே ஆழம். கூட நாலு ராடைச் சொருகுனா எறங்கிட்டுப் போகுது."

அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் புது ஆளாக எடுக்கமாட்டார்கள் என்று சப்பாத்திக்காரர் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அன்றிலிருந்து கால்களில் சக்கரம் கட்டிக்கொண்டார்.

முதல் காரியமாக உடுப்பு. வீடியோவில் எல்லாரும் சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த ஆரஞ்சு உடுப்பு போட்டிருந்தார்கள். அதே மாதிரி வேண்டும் என்று புதியம்புத்தூருக்குப் போய் ஒரு தையல்காரரைப் பிடித்தார். அந்தத் தையல்காரர் ஆயுள் முழுக்க நைட்டி தைத்தவர். உடுப்பு வந்தது. கழுத்தில் நைட்டிக்கு வைக்கிற மாதிரியே பூச்சுருக்கு. ஜிப்பு முதுகுப் பக்கம். தினமும் காலையில் அவர் மனைவி பின்னால் நின்று ஜிப்பை இழுத்துவிட வேண்டும். வெளியில் இருக்கும்போது ஒன்றுக்கு வந்தால் அவர் பாடு திண்டாட்டம். என் பட்டறைக்கு ஓடி வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் எத்தனையோ பேருக்கு எத்தனையோ உதவி செய்திருக்கிறேன். எதுவும் அந்த அளவுக்கு அவசரமாக இருந்ததில்லை.

அந்த உடுப்போடு அவர் தெருவில் நடந்தால் சமையல் கேஸ் கொண்டுவருகிற ஆள் என்று நினைத்துப் பெண்கள் காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார்கள். கண் பரிசோதனைக்குத் தூத்துக்குடி போகிறேன் என்று ஒருநாள் கிளம்பி மணியாச்சியில் வண்டி மாறுவதற்காக நின்றிருக்கிறார். ரயில்வே ஆள் என்று நினைத்துப் பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். இவர் எல்லாருக்கும் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் எந்தெந்த ஊரில் போய் இறங்கினார்களோ தெரியாது. அவருடைய வண்டியும் போய்விட்டது.

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான அண்ணாச்சி?"

"எப்படிலே சொல்ல? உடுப்பு போட்டுக்கிட்டுத் தெரியாதுன்னு சொன்னா அசிங்கமால்லா இருக்கும்."

அடுத்தது நீச்சல். கடல் மேடைக்கு ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். அது கடலில் கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பெல்ட்டை அவிழ்த்து வெளியே நீந்தி வரத் தெரிய வேண்டுமாம். அதற்கென்று ஒரு பயிற்சி, ஒரு சர்டிபிகேட். எங்கள் ஊர்க்காரனுக்கு நீச்சல் தெரியுமா? தண்ணீர் இருந்தால்தானே நீச்சல். அண்ணாச்சி குளித்ததே வாளியில்தான்.

"ஏலே, சொந்தத்துல ஒரு கிணறு இருக்கு. உன்கிட்ட எடை தூக்குத செயின் பிளாக் இருக்கு. அந்த ஓட்டை வேன் கூண்டும் சும்மாத்தான கெடக்கு?"

எனக்கு அறிவு இருந்திருந்தால் அப்போதே விரட்டியிருக்க வேண்டும். எனக்கும் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. பட்டறையில் கிடந்த பழைய வேனின் கூண்டை ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு சீட்டை வைத்து, பெல்ட்டையும் பற்றவைத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி ஆரஞ்சு உடுப்போடும் ஹெல்மெட்டோடும் உள்ளே உட்கார்ந்து மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டார். செயினில் தொங்கவிட்டுக் கிணற்றுக்குள் இறக்கினேன். கூண்டு தண்ணீரைத் தொட்டதும், சொல்லிவைத்தபடி கவிழ்த்தேன்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்பதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. அதற்குக் கீழே கரிசல் சேறு. அண்ணாச்சியின் தலை ஹெல்மெட்டோடு கழுத்துவரை அதற்குள் இறங்கிவிட்டது. மேலே இரண்டு கால்கள் மட்டும் ஆடின. நான் செயினை இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது. மேலே வந்தபோது அவர் முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. வாய் இருந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஏலே, கடல்ல சேறு இருக்காதுல்லா?"

அவர் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். யாரோ சொல்லி, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். கிணற்று மேட்டில் நின்று புருஷனை மேலும் கீழும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, தண்ணியில சாகணும்னா அவியளைத் தூத்துக்குடிக்குப் போயிச் சாகச் சொல்லுங்க. அங்கன கடல் கெடக்கு. இந்தக் கிணத்துல விழுந்து செத்தா நாங்க எதைக் குடிக்க?"

சொல்லிவிட்டு, முந்தானையால் அவர் கண்ணை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போய்விட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று நான் நேரடியாகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. "சம்பளத்துக்கா அண்ணாச்சி? அப்படி ஒண்ணும் நீங்க ஆசைப்பட்ட ஆளு இல்லையே."

அன்றைக்கு அவர் ஒரு கிராமத்தில் போர் போட்டுவிட்டு உடைந்த கிளாம்பைக் கொண்டுவந்திருந்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைப் பாறைப்பொடி. போரில் தண்ணீர் வந்திருந்தால் மேலெல்லாம் சேறாக இருக்கும். பொடி என்றால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எஞ்சினை ஆஃப் பண்ணுதது நான்தானலே. பொடியாப் பறந்துக்கிட்டே இருக்கும்போதும் அவிய பார்த்துக்கிட்டே நிப்பாவ. இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரு ராடும்பாவ. நகையை வச்சிருப்பாவ, ஆட்டை வித்திருப்பாவ. கடைசியில நான் எஞ்சினை அமத்துவேன் பாரு, அந்த நேரம் ஒரு அமைதி வரும். அதுக்குப் பெறகு அந்த வீட்டுப் பொம்பளை அழுவா. எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி அழுகைலே. நான் என்னமோ அவிய தண்ணியைக் குடிச்சிட்ட மாதிரி என்னைப் பாப்பாவ."

நான் பற்றவைப்பதை நிறுத்திவிட்டேன்.

"எண்ணெக் கிணறுன்னா அது கம்பெனி கிணறு. காஞ்சு போச்சுன்னா எவனும் அழமாட்டான். அடுத்த இடத்துக்குப் போன்னுருவான். எனக்கு அது போதும்லே. ஒருத்தரும் அழாத ஒரு கிணத்தை நான் போட்டுப் பாக்கணும்."

அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை.

முதல் இன்டர்வியூ சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில். மதினி என்னையும் கூட அனுப்பினார். "தனியா விட்டா கடலைப் பாத்ததும் இறங்கிருவாவ தம்பி." நைட்டிக்கழுத்து உடுப்பைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனேன். நான் வெளியே நின்றேன். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி, வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்தவர் நேராக ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். எழும்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

உள்ளே மூன்று பேர். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. பிறகு ஒருவர் கேட்டிருக்கிறார். "துளை போட்டுட்டு இருக்கீங்க. திடீர்னு உள்ளயிருந்து பொங்கி மேல வருது. முதல்ல என்ன செய்வீங்க?"

அண்ணாச்சிக்கு இதைவிட லேசான கேள்வி உலகத்தில் கிடையாது. "வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவேன் சார்."

"யாரை?"

"யாரு எடமோ, அவிய சம்சாரத்தை. முதல்ல வாரதைச் சொம்புல பிடிச்சு, மஞ்சப்பொடி போட்டு, அவியதான் சாமிக்கு வைக்கணும். பெறகு தேங்கா உடைக்கணும். பிள்ளையெல்லாம் ஓடிவந்து நனையும். நனையட்டும்னு விட்டுரணும். நாங்களும் சத்தம் போடுவோம் சார். ரொம்ப சந்தோசமா இருக்கும்."

மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்திருக்கிறார். அதில் வயதானவர் மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டு விளக்கியிருக்கிறார். "அண்ணே, எங்க கிணத்துல பொங்கி வந்தா, ஒரு பொறி போதும், தீப்பிடிச்சிரும். அங்க நிக்கிற அத்தனை பேரும் போயிடுவாங்க. பொங்க விடாம அடைக்கிறதுதான் எங்க வேலையே. பொங்கினா சந்தோஷப்படுற ஆளை நாங்க அங்க நிறுத்த முடியாது. பழகிட்டு வாங்க, பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாட்டில் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். கரிசல்காட்டில் பிறந்தவன் பூமியிலிருந்து பொங்கி வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடாது என்றால் வேறு எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவான்? திரும்பிப் போய் அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவிய மேல தப்பு இல்லலே. பொங்குனா ஆளு சாவானாம்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இத்தன வருசமா பொங்கணும் பொங்கணும்னே கும்பிட்டுட்டேன். இனிமே எப்படிலே மாத்திக் கும்பிட?"

ஆனால் மாற்றிக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டார். அண்ணாச்சி முடிவெடுத்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து.

போனில் வீடியோவாகப் பார்த்தார். பொங்கினால் முதலில் விசில். பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு அடைக்க வேண்டும். காற்று வருகிற திசையில் தள்ளி ஓர் இடத்தில் எல்லாரும் கூட வேண்டும். அங்கே தலையை எண்ண வேண்டும். இதைப் பட்டறை வாசலில் தினமும் ஒத்திகை பார்த்தார். நான் வெல்டிங் பொறி பறக்கவிடும்போதெல்லாம் விசில் ஊதினார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

அப்போதுதான் விளாத்திகுளம் ரோட்டில் ஒரு கிராமத்தில் அந்தப் போர் வந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஏற்கெனவே போட்ட போர்கள் எல்லாம் பொடியாகப் போய், இதுதான் கடைசி, இதற்கு மேல் விற்க எதுவும் இல்லை என்று நின்றுகொண்டிருந்தார்கள். வண்டியில் ஒரு குழாய் உடைந்துபோய் அதைப் பற்றவைக்க நானும் போயிருந்தேன். பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, கிளம்பாமல் நின்று பார்த்தேன்.

பொடி வந்தது. ரொம்ப நேரம் பொடியாகவே வந்தது. அந்த வீட்டம்மா கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு பொடியின் நிறம் மாறியது. ஈரமாகத் தெறித்தது. அடுத்த நிமிஷம் தண்ணீர் பனை உயரத்துக்குக் கிளம்பியது.

"நீள்ளு! நீள்ளு வச்சாயி!" என்று தண்ணீரைப் பார்த்து அந்த அம்மா கத்தினாரே ஒரு கத்தல். குடும்பமே கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது.

அண்ணாச்சி விசிலை எடுத்து ஊதினார்.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! மேகாத்து அடிக்கி, மேக்க ஓடுங்க! வேப்பமரத்துக்கு ஓடுங்க!"

ஆரஞ்சு உடுப்பில் ஒருவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடச் சொன்னால் யார்தான் நிற்பார்கள்? குடும்பம் ஓடியது. வேடிக்கை பார்த்தவர்கள் ஓடினார்கள். வண்டியில் வேலை பார்க்கிறவர்கள் ஓடினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஓடினேன். அண்ணாச்சி எஞ்சினை அணைத்தார். வானத்தில் நின்ற தண்ணீர் பொத்தென்று விழுந்து துளைக்குள் போய்விட்டது. கிடந்த சாக்குகளையெல்லாம் சுருட்டித் துளையின் வாயில் திணித்தார். அதன் மேல் ஏறி உட்கார்ந்து, நட்டமாக நின்ற ராடைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே எங்களை எண்ணத் தொடங்கினார்.

"ஏலே, ஒரு தலை கூடுதலா இருக்கே!"

"ஆடும் ஓடி வந்திருக்கு அண்ணாச்சி!"

"ஆட்டைத் தள்ளி நிறுத்துலே! கணக்கு ஒதைக்கி!"

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஆயுள் முழுக்கக் காத்திருந்து வந்த தண்ணீரின் மேல் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். கையில் கிடைத்த கம்போடு வந்தார்.

"எந்திரிவே! எங்க தண்ணி மேல குத்தவச்சு உக்காந்திருக்கான்! ஏவே, எந்திரிங்கேன்!"

"இரிங்க நாயக்கரே, இன்னும் தலை எண்ணி முடியல."

"உம்ம தலை மொதல்ல இருக்கான்னு பாத்துக்கிடும்!"

கம்பு விழுவதற்குள் நான் நடுவில் போய், விழுந்த அடியில் பாதியை வாங்கிக்கொண்டு, இருக்கிற கெட்ட வார்த்தைகளையெல்லாம் அண்ணாச்சி மேல் கொட்டி, அவரைச் சாக்கோடு இழுத்துப் போட்டேன். வண்டியில் இருந்த இன்னொருவர் எஞ்சினைப் போட்டார். தண்ணீர் மறுபடியும் கிளம்பியது. எல்லாரும் நனைந்தார்கள். அந்த அம்மா சொம்பில் பிடித்துக்கொண்டு வெறுமனே அழுதார். இது வேறு அழுகை. கம்பெடுத்தவர் கம்பைப் போட்டுவிட்டு யார் என்று பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டார்.

அண்ணாச்சியைத் தேடினேன். வேப்பமரத்தடியில் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிறு பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்களே, அப்படி.

"திரும்பிப் பாருங்க அண்ணாச்சி. இத்தனை நாள்ல இப்படி ஒரு தண்ணி நான் பார்த்ததில்ல."

"வேண்டாம்லே."

"ஏன்?"

"பாத்தா சிரிப்பு வந்துரும். வந்துட்டா பழகுனதெல்லாம் போயிரும்." அவர் தோள்கள் ஆடின. "சத்தம் கேக்குதுல்லா, அது போதும்."

அடுத்த இன்டர்வியூவுக்கு அவர் தனியாகப் போனார். அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். விசில், எஞ்சின், அடைப்பு, காற்று வருகிற பக்கம் ஓடுவது, தலையெண்ணுவது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லையாம். வேலை கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடலில்கூட இல்லை. பாலைவனத்தில் கிணறு. சுற்றிலும் மணல். சேற்றில் தலைகீழாக முங்கியதெல்லாம் வீண்.

திருவனந்தபுரத்தில் போய் விமானம் ஏற வேண்டும். கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு நானும் மதினியும் போனோம். அண்ணாச்சி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதையோ மறந்துவிட்டவர் மாதிரி எங்களையே பார்த்தார். மதினி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றார். வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை அப்படியே நின்றார். "அழுதேன்னா இறங்கிருவாவ தம்பி. பொம்பளை அழுகை அவியளுக்கு ஆகாது" என்றார். அதற்கப்புறம் அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது அடுத்த வீட்டில் சத்தமே இல்லை. பட்டறையில் நான் யாரைத் திட்டினாலும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திட்டத் திட்டச் சிரிக்கிற ஆள் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு. போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

"ஏலே, ஒரு கிணறு முடிச்சிட்டோம்."

"எண்ணெ வந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல. அம்புட்டு ஆழமும் வெறும் பொட்டை."

"பெறகு?"

"பெறகு என்ன. ஒருத்தன் வந்து கம்ப்யூட்டரைப் பாத்தான். சிமெண்டு ஊத்தி அடைங்கன்னான். அடைச்சோம். மத்தியானம் பிரியாணி போட்டாவ."

"யாரும் அழலையே?"

"யாரு அழுவா? கம்பெனி கிணறுல்லா."

அவர் கேட்டது கிடைத்துவிட்டது. சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

"ஒருத்தர்கூட வந்து எட்டிப் பாக்கலலே" என்றார். "அம்புட்டு நாளா துளை போட்டோம். நான்தான் கொஞ்ச நேரம் அங்கன நின்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டுட்டான். வந்துட்டேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கே யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பக்கம் யாருக்காவது தண்ணி வந்துச்சாலே?"

அந்த வாரம்தான் கயத்தாறு ரோட்டில் ஒரு போர் போட்டார்கள். நான் போயிருந்தேன். கடைசிவரை பொடி. அண்ணாச்சி இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள் எஞ்சினை அணைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டுக்காரர் குவிந்து கிடந்த பொடியைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு அண்ணாச்சி" என்றேன்.

"எங்கன?"

"கயத்தாறு ரோட்டுல."

"எம்புட்டு?"

"பனை உயரத்துக்கு. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ளையளை இழுத்துட்டுப் போக முடியல. அந்த வீட்டம்மா சொம்பை வச்சுக்கிட்டு ஆடுதாவ."

 பிறகு அண்ணாச்சி போனைக் கையில் பிடித்துக்கொண்டே அங்கே இருந்தவர்களிடம் கத்துவது கேட்டது. எங்கள் ஊரில் நிறையத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். "மேரா காவ்! பானி ஆயா! பஹுத் பானி!" யாரோ கை தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். எல்லாருக்கும் மேலே அண்ணாச்சியின் சிரிப்புக் கேட்டது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் அடைத்து வைத்த சிரிப்பு. நிற்கவே இல்லை.

பட்டறையில் ஆட்கள் சாமானோடு காத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.